ஸ்மார்ட் சிட்டி மக்களுக்கு உண்மையில் பயன்பட என்ன வேண்டும்?

எந்த நகரத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அங்கே புகாரை முடித்து வைப்பது யார்?

தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருமுறை செயலியில் புகார் பதிந்தேன். இரண்டே நாளில் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. விளக்கு மட்டும் எரியவில்லை. மறுபடி பதிந்தேன், மறுபடியும் அதே செய்தி. புகாரை மூடும் பொத்தான் அலுவலகத்தில் இருக்கிறது, இருட்டில் நடப்பது நாங்கள். புகார் கொடுத்தவர் 'சரி, எரிகிறது' என்று சொன்ன பிறகே புகார் முடியும் என்று ஒரு விதி வைத்தால் போதும். அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

கடைசி வார்த்தை மக்களுடையதாக இருந்தால் பெரிய திட்டம்கூட நிலைக்கும். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நகருக்குள் வந்துபோகும் வண்டிகளின் எண் பலகையைக் கேமராவில் படித்து நெரிசல் கட்டணம் வாங்கும் திட்டத்துக்கு ஆரம்பத்தில் பலத்த எதிர்ப்பு. அதனால் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக மட்டும் நடத்தினார்கள். வண்டியை வீட்டில் விட்டு வருகிறவர்கள் எதில் போவார்கள் என்று யோசித்து, 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகளை ஓடவிட்டார்கள். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. அப்புறம் கட்டணத்தை நிறுத்திவிட்டு, செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேறுபாட்டை நேரில் பார்த்திருந்த நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. சுற்றியுள்ள பல நகராட்சிகள் நடத்திய வாக்கெடுப்பில் எதிர்ப்புதான் வென்றது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கிருந்து தினமும் வந்துபோகிறவர்களின் கவலையும் நியாயமானதே.

கனடாவின் டொரோண்டோவில் நடந்தது வேறு. கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் 2017-ல் ஏரிக்கரையில் ஒரு பகுதியைச் சென்சார்களோடு, அதாவது சுற்றி நடப்பதை உணர்ந்து பதிவுசெய்யும் கருவிகளோடு, கட்டித்தர முன்வந்தது. தெருவில் நடப்பவரைப் பற்றிச் சேரும் தரவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கடைசிவரை ஓயவே இல்லை. 2020 மே மாதம், பொருளாதார நிலையைக் காரணம் காட்டி நிறுவனம் விலகிவிட்டது. அந்தக் கேள்விக்கு முதல் நாளே பதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று, கையில் ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் ஒரு செயலி கொண்டுவந்தது. கார் குலுங்குவதை வைத்துச் சாலைப் பள்ளத்தைப் போனே கண்டுபிடித்துச் சொல்லும். ஏழைகளும் முதியவர்களும் இருக்கும் தெருக்களில் போன் குறைவு. அங்குள்ள பள்ளம் கணக்கிலேயே வராது. அதிகாரிகள் இதை முன்னரே உணர்ந்து, ஊர் முழுக்கச் சுற்றும் சாலை ஆய்வாளர்களின் கையில் அந்தச் செயலியை முதலில் கொடுத்தார்கள்.