காமிக்ஸில் படம் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு ஸ்டோரிபோர்டு எதற்கு?

நண்பர் வரைந்த 40 பக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸை அனிமேஷன் படமாக்கப் போகிறோம், கட்டங்கள் எல்லாம் வரைந்து தயாராக இருப்பதால் ஸ்டோரிபோர்டு, அதாவது படத்தின் காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்து வைக்கும் வேலை, மிச்சம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிச்சமாகாது. சொல்லப்போனால் வேலை கொஞ்சம் கூடும். வெறும் கதையைக் கொடுத்தால் ஸ்டோரிபோர்டு வரைவது எனக்குச் சுலபம். யாரோ அழகாக வரைந்து முடித்த பக்கத்தைக் கொடுத்தால்தான் கை நடுங்கும். நான் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் விளம்பரங்களும் குழந்தைகள் தொடர்களும்தான், சூப்பர் ஹீரோ படம் எதுவும் என் கைக்கு வந்ததில்லை. ஆனால் இந்த விஷயத்தைப் படிக்கும் காலத்திலேயே ஒரு பேட்மேன் பக்கத்திடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

ஃபிராங்க் மில்லர் எழுதி வரைந்து 1986-இல் நான்கு இதழ்களாக வந்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’. ப்ரூஸ் வேய்னுக்கு 55 வயது, பேட்மேன் உடையைக் கழற்றிப் பத்து வருடம் ஆகிவிட்டது. ஒரு ராத்திரி டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருக்கும்போது, சின்ன வயதில் அப்பா அம்மாவை ஒரு திருடன் சுட்டுக்கொன்ற அந்தச் சந்து மனதுக்குள் திரும்ப வருகிறது. மில்லர் பக்கத்தை நாலுக்கு நாலாக 16 கட்டங்களாக அறுத்துப் போட்டிருப்பார். வசனம் கிடையாது. துப்பாக்கி, ஒரு கை, அம்மாவின் கழுத்து முத்துமாலை, அதில் மாட்டிக்கொள்ளும் துப்பாக்கி, அறுந்து சிதறும் முத்துகள்.

இதை அனிமேட்டிக் ஆக்கிக்கொண்டு வா என்றார் எங்கள் சார். அனிமேட்டிக் என்றால் ஸ்டோரிபோர்டு படங்களை நேரக்கணக்கோடு, சத்தத்தோடு ஓடவிட்டுப் பார்ப்பது. நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் அரை வினாடி வைத்து எட்டு வினாடியில் முடித்தேன். கல்யாண ஆல்பத்தை யாரோ வேகமாகப் புரட்டுவது போல இருந்தது. சரி, இடையில் அசைவு சேர்த்துப் பார்க்கலாம் என்று கட்டங்களை ஒட்டி ஓடவிட்டேன். மூன்றே வினாடி. சந்தில் ஒரு வழிப்பறி, அவ்வளவுதான். முத்துமாலை எங்கே போனது என்றே தெரியவில்லை.

சார் திட்டவில்லை. அந்தப் புத்தகத்தை வகுப்பில் நான்கைந்து பேர் கையில் ஒவ்வொருவராகக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் ஐந்து வினாடியில் பக்கத்தைத் திருப்பிவிட்டான். ஒரு பெண் அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாள். கடைசிக் கட்டம் வரை போய்விட்டு மறுபடி மேலே வந்தாள். “இதுல எதுடா உன் படத்தோட நீளம்?” என்று கேட்டார்.

விஷயம் இதுதான். காமிக்ஸில் நேரம் வாசகனின் கட்டைவிரலில் இருக்கிறது. 16 கட்டமும் ஒரே சமயத்தில் கண்முன்னே கிடக்கும், திரும்பிப் போகலாம், ஒன்றிலேயே நிற்கலாம். படத்தில் ஒன்று போனால்தான் அடுத்தது வரும். அந்த நேரத்தை வாசகன் கையிலிருந்து பிடுங்கி நீங்கள் வைத்துக்கொள்கிறீர்கள். அதைத் தீர்மானிக்கும் வேலைக்குத்தான் ஸ்டோரிபோர்டு என்று பெயர். உங்கள் நண்பர் வரைந்த கட்டத்தில் அது இருக்காது.

எழுத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் சிக்கல். அதே புத்தகத்தில் ஒரு ரவுடியை மடக்கும் நேரத்தில் பேட்மேன் மனதுக்குள் கணக்குப் போடுவார். இந்த நிலையிலிருந்து ஏழு வழி இருக்கிறது, மூன்று ஆயுதத்தைப் பறிக்கும், மூன்று ஆளைக் கொல்லும், மிச்சம் ஒன்று வலிக்க மட்டும் செய்யும் என்று. படிக்கும்போது அது கண் இமைக்கும் நேரத்தில் நடந்ததாகவே தோன்றும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பத்து வினாடியாவது ஆகும். உதை விழ அரை வினாடிதான். அந்தப் பத்து வினாடியை எங்கே வைப்பது?

ஜே ஒலிவா இயக்கி 2012, 2013-இல் இரண்டு பாகமாக வந்த அனிமேஷன் படத்தில் இந்த மனக்குரலைக் கிட்டத்தட்ட முழுக்க எடுத்துவிட்டார்கள். பேட்மேனுக்குப் பேசிய பீட்டர் வெல்லரின் குரல் கனமாக இருக்கிறது, சண்டைகளில் எலும்பு முறிவது நமக்கே கேட்கிறது. சேற்றில் கும்பல் தலைவனோடு மோதும் இடமும் கடைசியில் சூப்பர்மேனோடு மோதும் இடமும் காகிதத்தைவிடத் திரையில் எனக்குப் பிடிக்கும். ஆனால் வயதாகிவிட்ட ஒருவன் தன் உடம்போடு பேசிக்கொள்கிறானே, அந்த ஆள் காணாமல் போய்விட்டான். மிச்சம் இருப்பது ஒரு முரட்டுக் கிழவர்.

அப்படியானால் மனக்குரலை வைத்துக்கொண்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். மில்லர் எழுத்தில் டேவிட் மஸுக்கெல்லி வரைந்த ‘பேட்மேன்: இயர் ஒன்’ 1987-இல் வந்தது. 2011-இல் அதை 64 நிமிடப் படமாக எடுத்தபோது கட்டத்துக்குக் கட்டம் பின்பற்றி, மனக்குரலையும் அப்படியே வைத்தார்கள். புத்தகத்தில் ப்ரூஸின் எண்ணங்கள் சேர்த்தெழுதிய கையெழுத்தில், டைரி போல இருக்கும். போலீஸ் அதிகாரி கார்டனின் எண்ணங்கள் வேறு கையெழுத்தில் இருக்கும். யார் பேசுகிறார் என்று படிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். படத்தில் அந்தக் கையெழுத்தின் வேலையைக் குரல்தான் செய்தாக வேண்டும். கார்டனுக்குப் பேசிய பிரையன் க்ரான்ஸ்டன் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனாலும் திரையில் தெரிவதையே குரலும் சொல்லும்போது, சாப்பிட்டுக்கொண்டே ‘நான் சாப்பிடுகிறேன்’ என்று ஒருவர் சொல்வது போல ஒரு சலிப்பு வருகிறது. என் கணக்கில் விசுவாசத்தில் முதல் இடம், உயிரில் நடுத்தரம்.

(குரல் என்றதும் ஒன்று. சின்ன வயதில் இரும்புக்கை மாயாவியை நானும் அண்ணனும் ஒரே புத்தகத்தில் தலையை விட்டுப் படிப்போம். ஒருநாள் அவன் மாயாவியின் வசனத்தை வாய்விட்டுப் படித்தான். ‘மாயாவி இப்படிப் பேச மாட்டார்’ என்று சண்டை போட்டேன். உங்கள் படத்துக்கும் ஒருவராவது இதைச் சொல்லத்தான் போகிறார்.)

கோடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படம் வினாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிற்கவிட்டாலும் வினாடிக்கு 12 படம் வேண்டும். 25 நிமிடப் படம் என்றால் 18,000. கதாநாயகன் சட்டையில் ஒரு மடிப்பைக் கூடுதலாக வைத்தால் அவர் திரையில் இருக்கும் நேரமெல்லாம் அந்த மடிப்பை வரைய வேண்டும். ப்ரையன் போலண்ட் 1988-இல் ‘தி கில்லிங் ஜோக்’கில் ஜோக்கரின் முகத்தில் போட்ட நுணுக்கமான கோடுகள் 2016 படத்தில் இல்லாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான், யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. அந்தப் படத்தின் உண்மையான குறை வேறு. ஆலன் மூர் எழுதிய கதை 50 பக்கத்தைத் தொடாது. முழுநீளப் படத்துக்குப் போதாதென்று முன்னால் அரை மணி நேரம் பேட்கேர்ள் கதையைப் புதிதாக எழுதி ஒட்டினார்கள். ஒட்டு நன்றாகவே தெரிகிறது.

காமிக்ஸில் இன்னொரு நேரமும் இருக்கிறது, மாதாமாதம் வாங்கிப் பல வருடம் படித்த நேரம். அதைச் சுமக்கவே கூடாது என்பதற்கு 2010-இல் வந்த ‘பேட்மேன்: அண்டர் தி ரெட் ஹூட்’ நல்ல உதாரணம். பேட்மேனின் துணையாள் ராபினாக இரண்டாவதாக வந்த ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று 1988-இல் வாசகர்களையே போனில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343 பேர், பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. வெறும் 72 ஓட்டில் பையன் போனான். பல வருடம் கழித்து ஜட் வினிக் என்ற காமிக்ஸ் எழுத்தாளர் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார். காமிக்ஸில் அவன் பிழைத்ததற்குச் சொன்ன காரணம்: வேறோர் உலகத்து சூப்பர்பாய் ஆத்திரத்தில் யதார்த்தத்தின் சுவரையே குத்த, அந்த அதிர்ச்சியில் இங்கே செத்தவன் எழுந்துவிட்டான். நம்ம ஊர் சீரியல்காரர்களே யோசிப்பார்கள்.

படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் அதே வினிக்தான். அந்தச் சுவரை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார். ஜேசனைக் கொன்ற ஜோக்கரை ஏவியது ராஸ் அல் கூல் என்ற வில்லன், பையன் சாவான் என்று அவர் நினைக்கவில்லை, குற்ற உணர்ச்சியில் செத்தவருக்கு உயிர் தரும் தன் லாசரஸ் குளத்தில் முக்கி எழுப்பினார் என்று மாற்றினார். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், அதோடு பழியும் சரியான ஆள் மேல் விழுகிறது. ஜேசன் சாவதற்குமுன் தன் அம்மாவைத் தேடிப் போன பழைய கிளைக்கதையும் போயே போச்சு. படம் 75 நிமிடம். ஜோக்கரை ஏன் இன்னும் உயிரோடு விட்டு வைத்திருக்கிறாய் என்று கடைசியில் ஜேசன் பேட்மேனைப் பார்த்துக் கேட்கும் கேள்வி காமிக்ஸைவிடப் படத்தில்தான் எனக்கு அதிகம் உறைத்தது. எழுதியவரே வெட்டத் துணிந்தால் வெட்டு சுத்தமாக விழும். இதை உங்கள் நண்பரிடம் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் நேர் எதிராக ஒரு படம் உண்டு, 2018-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’. அதன் நாயகனான சிறுவன் மைல்ஸ் மொராலஸ் 2011-இல் காமிக்ஸுக்கு வந்தவன். பல உலகத்து ஸ்பைடர்மேன்கள் கூடுவதும் காமிக்ஸில் வந்ததுதான். ஆனால் படம் எந்த ஒரு புத்தகத்தையும் அப்படியே எடுக்கவில்லை, காமிக்ஸ் பக்கத்தின் குணத்தை எடுத்தது. மலிவுத் தாளில் அச்சடித்த நிறப்புள்ளிகள் தோலில் தெரியும். தூரத்தில் இருப்பதை மங்கலாக்காமல், அச்சில் வண்ணம் கோடு தாண்டி விலகினால் எப்படி இருக்குமோ அப்படிக் காட்டினார்கள். சிலந்தி கடித்த பிறகு மைல்ஸின் எண்ணங்கள் பெட்டி பெட்டியாகத் திரையிலேயே வந்து விழும். மில்லரின் மனக்குரலைக் குரலாக்குவதா வெட்டுவதா என்று தவித்தார்களே, இவர்கள் எழுத்தாகவே விட்டுவிட்டார்கள்!

நேரத்தையும் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். காட்டுக்குள் அனுபவசாலி ஸ்பைடர்மேனான பீட்டரும் மைல்ஸும் வலை வீசித் தப்பி ஓடும் காட்சியில் பீட்டருக்கு வினாடிக்கு 24 படம், மைல்ஸுக்கு 12. ஒரே ஷாட்டில் இரண்டு வேகம். பையன் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கிறான் என்று யாரும் சொல்லாமலே உடம்புக்குப் புரியும். இந்தத் தோற்றத்தில் முதல் 10 வினாடியைச் சரியாகக் கொண்டுவரவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆனதாம். உங்களிடம் அந்தப் பணமும் ஆளும் இருக்காது, பயப்பட வேண்டாம். புத்தி மட்டும் போதும்.

என் முத்துமாலைக்கு வருகிறேன். நான்காவது முயற்சியில் 16 கட்டத்தில் ஆறைத் தூக்கிவிட்டேன். மாலையில் துப்பாக்கி மாட்டும் இடத்தில் சத்தத்தை நிறுத்தி, இரண்டரை வினாடி எதுவும் அசையாமல் விட்டேன். மொத்தம் 14 வினாடி. சார் “ம்” என்றார். அவரிடம் அது பெரிய வார்த்தை.

ஆக, நீங்கள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நண்பரின் ஹீரோவைப் பாதிக் கோடுகளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள், அவரே வரையட்டும். வசனத்தை முதலில் போனிலாவது பேசிப் பதிவு செய்துவிட்டால் எந்த வசன பலூன் நீளம் என்று அப்போதே தெரிந்துவிடும். அப்புறம், வசனமே இல்லாத ஒரு பக்கத்தை எடுத்து அனிமேட்டிக் செய்யுங்கள். அதை அவருக்குப் போட்டுக் காட்டும்போது திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் ‘ஏய், இரு இரு’ என்று கை நீட்டுகிறாரோ, அங்கே இன்னும் ஒரு வினாடி சேர்க்க வேண்டும்.