வயதோடு நூறைக் கூட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பி.பி. 158/72. "வயதோடு 100-ஐக் கூட்டு, 168 வரை பயமில்லை" என்கிறார் சித்தப்பா. கீழ் எண்ணும் குறைவாகத்தானே இருக்கிறது?

பதில்: அந்தக் கூட்டல் கணக்கை மருத்துவர்கள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. வயதாக ஆக மேல் எண் ஏறுவது சகஜம்தான். சகஜமென்பதால் கெடுதல் இல்லை என்றாகிவிடாது. இளமையில், இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனி, ரப்பர் குழாய்போல விரிந்துகொடுத்து இதயத்தின் ஒவ்வொரு தள்ளலையும் வாங்கிக்கொள்ளும். இதயம் ஓய்வெடுக்கையில் தானே சுருங்கி, ரத்தத்தை முன்னே அனுப்பும். தமனியின் சுவர் விறைத்துவிட்டால் அந்த விரிவும் சுருக்கமும் குறையும். மேல் எண் எகிறும். 50, 55 வயதுக்குப் பிறகு கீழ் எண் இறங்கும். எனவே அந்த 72-ஐப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள 86 என்ற இடைவெளிதான் தமனியின் விறைப்பைக் காட்டிக்கொடுக்கிறது.

பெரியவர்களுக்கு எந்த வயதிலும் 120/80-க்குக் கீழே நல்லது. வெவ்வேறு நாள்களில் மருத்துவமனையில் அளந்தும் மேல் எண் 140-ஐயோ கீழ் எண் 90-ஐயோ தொட்டால் உயர் ரத்த அழுத்தம். அமெரிக்க வழிகாட்டுதலில் 130/80 என்றாலே அந்தப் பெயர்தான். முதுமையில் மாறுவது சிகிச்சையின் வேகம். 80 தாண்டியவருக்கு மெல்லத்தான் குறைப்பார்கள். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 சரிந்தால் தலைசுற்றி விழ நேரலாம். அப்பாவுக்கு நிற்கவைத்தும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டுகிறது. ரிப்பேரா?

பதில்: பி.பி.யே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மீதித் தப்பு பெரும்பாலும் உட்காரும் விதத்தில்தான். கை தொங்கினால், கையில் சுற்றும் பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 கூடும். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் கூடும். பேச்சு, கால்மேல் கால், முட்டும் சிறுநீர் எல்லாமே ஏற்றிவிடும். காபி குடித்து அரை மணி போகட்டும். முதுகைச் சாய்த்து 5 நிமிடம் சும்மா இருந்துவிட்டு, 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளங்கள். காலையும் மாலையும் 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி பாருங்கள். வீட்டளவுக்கு எல்லை 135/85.

கேள்வி: 8 வயது மகனுக்கு 118/76. நார்மல்தானே?

பதில்: பெரியவர் கணக்கில் நார்மல். 8 வயதுக்கு அது கூடுதல். 13 வயதுக்குக் கீழே வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். குழந்தைகள் மருத்துவரிடம், சிறுவருக்கான பட்டையில், வேறு வேறு நாளில் அளந்துபாருங்கள். பெரியவர் பட்டையைக் கட்டி அளந்திருந்தால் நிஜ அளவு இன்னும் கூடுதலாகவே இருக்கலாம்.