இருப்புப் பலகை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். அந்த வகுப்புக்கான பொதுத்தேர்வை நீக்கிவிட்டதால் ஜூனிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். இரவுகளில் அடோர்னோ, ஹோர்க்ஹைமர் என்ற ஜெர்மன் தத்துவவாதிகளைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கிறேன். ஐரோப்பாவின் அறிவொளிக்காலப் பகுத்தறிவே ஆதிக்கமாக முடிந்தது என்று அவர்கள் சொல்வது சரியென்றால், என் அம்மாவுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கமும் ஏமாற்றுதானா?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டுரைகளைப் படித்திருக்கிறீர்கள், நூலைப் படிக்கவில்லை. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் இருந்தபோது எழுதி, 1947இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேற்றிய ‘அறிவொளியின் இயங்கியல்’ நூலின் முன்னுரையிலேயே, அறிவொளிச் சிந்தனையை விட்டுச் சமூகத்துக்கு விடுதலை கிடையாது என்று இருவரும் சொல்லிவிடுகிறார்கள். எதற்காக என்று கேட்காமல் எப்படி என்று மட்டும் கணக்குப் போடும் அறிவின் மீதுதான் அவர்களுடைய வழக்கு. அவர்களுக்குப் பின்வந்த ஜெர்மன் சிந்தனையாளர் ஹேபர்மாஸ் இதை எப்படித் திருத்தினார் என்பதெல்லாம் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் அம்மாவைப் பற்றிய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பென்னாகரத்துக்கு அருகே எங்கள் ஊரில் என் சின்னம்மாவும் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்புக்குப் போனார். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தவற்றில் எனக்கு நினைவிருப்பது ரேஷன் கடையின் இருப்புப் பலகை. மண்ணெண்ணெய்க்கு நேராகச் சாக்பீஸில் லிட்டர் கணக்கு எழுதியிருக்க, கடைக்காரர் ஸ்டாக் இல்லை என்று கையை விரித்தார். “அப்புறம் இதுல எழுதியிருக்கறது யாருக்கு?” என்று கேட்டுவிட்டுச் சின்னம்மா வரிசையை விட்டு நகரவே இல்லை. எண்ணிக்கையையும் கணக்கையும் பற்றி அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் அத்தனை கசப்பாக எழுதியதில் எனக்குள்ள மனத்தாங்கல் அன்று தொடங்கியதுதான். ஆள்பவர் ஏட்டிலேயே கிடந்த கணக்கு, வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் கேள்வியானதை அவர்கள் பார்க்கவில்லை. அதை ஏமாற்று என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஏமாற்று எங்கே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்காமல். 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததே அந்தப் பாடங்களை நடத்தாமல் தாண்டிப்போன பள்ளிகளால்தான். 2025-26இல் அதை எடுத்தார்கள். புத்தகத்தை மறுபடி மூடிவிட்டீர்கள். சுழல் இயக்கம் ஏன் அப்படி நிகழ்கிறது என்று கேட்கும் பையனிடம் ‘அது பப்ளிக்கில் வராது’ என்கிற அறிவுதான் அந்த இரு தத்துவவாதிகளும் சொன்ன அறிவு. அவர்கள் நூலில் கிரேக்கக் காவிய நாயகன் ஒடீசியஸ் பாய்மரத்தில் கட்டுண்டு, மாலுமிகளை மயக்கி அழிக்கும் சைரன்களின் பாட்டைக் கேட்பான். காதில் மெழுகடைத்த ஆட்கள் துடுப்பு வலிப்பார்கள். இரவில் அடோர்னோ படிக்கும் நீங்கள் பாய்மரத்தில் இருக்கிறீர்கள். கட்-ஆஃபை நோக்கித் துடுப்பு வலிக்கும் பிள்ளைகளின் காதில் மெழுகை அடைத்தது யார்? நிர்வாகம் மட்டும்தான் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

1969இல், இறப்பதற்குச் சற்று முன், கல்வியாளர் ஹெல்முட் பெக்கருடன் நடத்திய வானொலி உரையாடலில் அடோர்னோ மிக எளிய யோசனை ஒன்றைச் சொன்னார்: உயர்வகுப்பு மாணவர்களோடு வணிகப் படங்களுக்குப் போய், அவற்றில் உள்ள பித்தலாட்டத்தை அவர்களுக்குக் காட்டுங்கள் என்று. உங்களுக்குத் திரையரங்கு தேவையில்லை. பேருந்து நிலையத்தில் உங்கள் பள்ளி கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் போதும். அதில் உள்ள முகங்கள் எத்தனை, தேர்வு எழுதியவர்கள் எத்தனை, பத்தாம் வகுப்பில் என்ன மதிப்பெண் பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று ஒரு பாடவேளை பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அப்படிச் செய்தால் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தால், உங்கள் கடிதத்தை இன்னும் மதித்திருப்பேன்.

அன்புடன்.