கொம்பு நேராக நிற்க நீட்சி எதற்கு?

அன்புள்ள ஐயா,

எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடி அழைப்பிதழை இவ்வாண்டு நான் வடிவமைக்கிறேன். வரைவதற்கான இங்க்ஸ்கேப்பும் படங்களைத் திருத்தும் கிம்ப்பும் எனக்குப் புதிய மென்பொருள்கள். பழைய அழைப்பிதழிலிருந்து எடுத்து ஒட்டிய வரிகள் புரியாத குறிகளாக வருகின்றன. நானே தட்டச்சு செய்தவை வீட்டில் சரியாக இருக்கின்றன. அச்சகத்தின் போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறிவிடுகிறது. தமிழுக்கென்று நீட்சி, அதாவது மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் நிரல், உண்டா? கோல ஓரத்துக்கும் ஒன்று வேண்டும். இணையத்தில் எடுத்த மூன்று நீட்சிகளும் மெனுவில் தென்படவே இல்லை.

ஒரு வாசகி, குவாத்ர் போர்ன், மொரீசியஸ்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டதில் பாதிக்கு நீட்சியே வேண்டாம்.

பழைய அழைப்பிதழ் அநேகமாகப் பாமினி போன்ற, ஒருங்குறிக்கு (யூனிகோட் எனும் பொது எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருவில் தட்டச்சானது. பார்வைக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஒட்டிய வரிகளில் அரைப்புள்ளிகள் இறைந்து கிடக்கின்றனவா, பாருங்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த விசையில்தான் இருக்கிறது. எழுத்துரு மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்குங்கள். உபயதாரர் பெயர்களை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை மெய்ப்புப் பாருங்கள். அங்கே பிழை வந்தால் கோவில் பக்கம் தலைகாட்ட முடியாது.

அச்சகத்தில் நடப்பது வேறு. 'கோ' என்று தட்டினால் ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி என்றுதான் கணினியில் பதிவாகும். குறியைப் பிரித்துக் கொம்பை முன்னால் நிறுத்துவது மென்பொருளின் வேலை. இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் அதைத் தாமாகவே செய்கின்றன. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் நாம் சொல்ல வேண்டும்: பிரெபரன்சஸில் 'டைப்' பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு இருக்கிறது. அச்சகத்தாரிடம் வாதாட மனமில்லையென்றால், இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, 'பாத்' மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். எழுத்தெல்லாம் வெறும் வடிவமாகிவிடும், எங்கும் கலையாது. அப்புறம் திருத்தவும் முடியாது. ஆகவே மூலக் கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். 1998இல் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழின் வரிசை மாறியதற்கே கொதித்தெழுந்த ஊர் இது. கொம்பு மாறினால் சும்மா விடுவார்களா?

கோல ஓரமும் உள்ளேயே இருக்கிறது. ஒரே ஒரு கண்ணியை வரைந்துகொண்டு, 'எடிட்' மெனுவின் 'குளோன்' பிரிவில் 'கிரியேட் டைல்ட் குளோன்ஸ்' எடுத்து, ஒரு வரிசை, இருபது நிரல் என்று கொடுங்கள். அதிலேயே 17 வகைச் சமச்சீர் அமைப்புகள் உண்டு. ஓரத்துக்கு முதலாவதே போதும். நடுக்கோலத்துக்கு ஓர் இதழ் வரைந்து, பாத் எஃபெக்ட்ஸில் 'ரொட்டேட் காப்பீஸ்' கொடுத்தால் சுற்றிவந்து முடித்துவிடும். முதல் கண்ணியைத் திருத்தினால் மற்றவையும் கூடவே மாறுவதைப் பாருங்கள், பிறகு எழுந்திருக்க மனம் வராது.

தென்படாத மூன்று நீட்சிகளுக்குப் பதிப்புதான் காரணமாக இருக்கும். 2020இல் வந்த இங்க்ஸ்கேப் 1.0, 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 இரண்டிலும் நீட்சிகள் எழுதும் முறை மாறியது. முந்தையவை பல அப்படியே ஓடா. இறக்குமுன் எந்தப் பதிப்புக்கானது என்று பாருங்கள். இங்க்ஸ்கேப் நீட்சியில் பெரும்பாலும் பெயர் ஐஎன்எக்ஸ், பிஒய் என்று முடியும் இரண்டு கோப்புகள் இருக்கும். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். எந்தக் கோப்புறைக்கு என்பதைப் பிரெபரன்சஸில் 'சிஸ்டம்' பக்கம் காட்டும். மெனுவைப் பிரெஞ்சில் வைத்திருந்தாலும் இடம் அதேதான். கிம்ப் 3இல் பைத்தான் நிரல்மொழியில் எழுதிய நீட்சி ஒவ்வொன்றையும் அதன் பெயரையே கொண்ட தனிக் கோப்புறையில் போட வேண்டும். பிறகு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று வேண்டுமானால் கிம்ப்புக்கு ஜிமிக் எடுங்கள். பிரான்சின் கான் நகர ஆய்வுக்கூடத்தில் உருவானது, இலவசம், படத்தின் தோற்றத்தை மாற்றும் வடிகட்டிகள் 500க்கு மேல். பழைய காவடிப் படங்களின் புள்ளிப் புள்ளியான மங்கலை நீக்க உதவும். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். விலைக்கு விற்கும் நீட்சியைப் பூட்டுடைத்துச் சும்மா தருகிற தளங்களின் பக்கமே போகாதீர்கள்: நீட்சி உங்கள் கணினிக்குள் ஓடுகிற நிரல், எதையும் செய்யும். தூரிகைகளில் அந்தப் பயம் குறைவு. போட்டோஷாப் தூரிகைக் கோப்புகளில் பலவற்றைக் கிம்ப்பின் 'பிரஷஸ்' கோப்புறையில் போட்டாலே போதும்.