பிச்சிப்பூ மணம் வேண்டி ‘ஜடோர்’ வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், அலுவலகத்துக்குத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போக முடியவில்லை என்பதால், பிச்சிப்பூ மணக்கும் சென்ட் வேண்டும் என்கிறாள். டியோர் நிறுவனத்தின் ‘ஜடோர்’ மல்லிகை மணம் கொண்டது என்று கடையில் சொன்னார்கள். விலையோ பல ஆயிரம் ரூபாய். வாங்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ‘ஜடோர்’ அருமையான சென்ட்தான், ஆனால் பிச்சியை எதிர்பார்த்து அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 1999-இல் வெளிவந்த அந்தக் கலவையில் மல்லிகையோடு ரோஜாவும் இலாங்-இலாங் என்னும் பூவும் சேர்வதால், எந்தப் பூவும் தனித்து நிற்பதில்லை. மணிக்கட்டில் அடித்துப் பார்த்தபோது முதலில் எனக்கு எட்டியது பேரிக்காயின் சாயல் கொண்ட ஒரு பழ வாசனை. அது அடங்கிய பிறகே பூ எழுந்தது, அதுவும் மிகச் சுத்தமான, வெளிச்சமான பூ. மாலையில் தோலோடு ஒட்டி மிஞ்சியது இனிப்பு கலந்த மெல்லிய கஸ்தூரி வாசனை மட்டுமே.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வரும் பிச்சி மொட்டைச் சாயங்காலம் தொடுத்து வைத்தால், அது விரிய விரிய மணம் கனத்துக்கொண்டே போய், விடியும்போது சற்று நெடியேறி நிற்பதை நம் வீடுகளில் எல்லோரும் அறிவோம். அந்தக் கனத்துக்கு இண்டோல் என்ற வேதிப்பொருள் முக்கியக் காரணம். அதை ‘ஜடோரில்’ நான் ஏறக்குறைய உணரவே இல்லை. மேலும், ஒரு கிலோ மல்லிகைச் சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு டன் பூ வேண்டியிருப்பதால், பெரும்பாலான சென்டுகளில் செயற்கை மணப்பொருள்களே மிகுதி. அதைக் குறையாகச் சொல்லவில்லை. விலையை மட்டும் பார்த்து, முழுக்கப் பூவாலேயே ஆனது என்று நம்பிவிடக் கூடாது.

உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் காய்ச்சி வடிக்கும் ‘சமேலி’ அத்தர் நம் பிச்சி இனப் பூவிலிருந்து எடுக்கப்படுவது. உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆல்கஹால் கலக்காததால் அது தோலோடு அடங்கி மணக்கும், அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரை உறுத்தாது. மிக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை எண்ணெய் என்பதால், சிறிய குப்பியாக வாங்கித் தோலில் தடவி, நம் வெயிலில் அரை நாள் நடமாடிப் பார்த்த பிறகே பெரியதை வாங்குங்கள்.

‘ஜடோர்’தான் என்று முடிவானால், அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பதிவு எண், அதிகபட்ச விலை ஆகியவை உள்ளனவா என்றும், பெட்டியிலும் பாட்டிலிலும் உள்ள தொகுதி எண் (பேட்ச் நம்பர்) ஒன்றா என்றும் பாருங்கள். பில் கட்டாயம் வேண்டும். போலி என்று தெரிந்து, கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.