எடைக்காரிக்கு ஒரு பிராது

போன மாதம் புதுச்சேரியில் மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுதுகிறவர்களுக்காக இரண்டு நாள் வகுப்பு எடுத்தேன். நீதியையும் சமூக ஒழுங்கையும் மையமாக வைத்த ஒரு மதத்தைக் கற்பனையாக எப்படிக் கட்டுவது என்பதுதான் பேச்சு. உதாரணத்துக்கு நான் எழுதிவரும் நாவலின் தெய்வத்தையே எடுத்துக்கொண்டேன். அவள் பெயர் எடைக்காரி, ஒரு துறைமுக ஊரின் காவல் தெய்வம். கோயிலில் சிலை கிடையாது. ஒற்றைத் தட்டு மட்டும் உள்ள ஒரு தராசு தொங்கும். இன்னொரு தட்டு இருக்க வேண்டிய இடத்தில் முறையிட வந்தவர் தன் கையை நீட்ட வேண்டும். பூசாரிகளுக்கு அங்கே கணக்கர் என்று பெயர். வகுப்புக்குப் பிறகு நிறையக் கேள்விகள் வந்தன. பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், என் கதையில் ஒரு நீதி தெய்வம் வருகிறது. உலகம் தோன்றிய கதை, பன்னிரண்டு கட்டளைகள், தெய்வங்களின் வம்சாவளி என்று நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். ஆனால் உயிரே இல்லை. எங்கே தவறு?
(கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்)

தம்பி, நாற்பது பக்கமும் தெய்வத்தின் பக்கமிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றப்பட்ட ஒரு பெண் விடியற்காலையில் அந்தக் கோயில் வாசலில் வந்து நின்றால் என்ன நடக்கும்? முதலில் யாரைப் பார்ப்பாள், கையில் என்ன கொண்டுவர வேண்டும், எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? இதை எழுதிவிட்டால் கட்டளைகள் தாமாக வந்து சேரும்.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே இருப்பவர் முருகன். ஆனால் வேலும் மயிலுமாக நிற்கும் உருவம் இல்லை, பலிபீடம் போன்ற ஒரு கல்தான் மூலவர். அங்கே பிராது கட்டுவது வழக்கம். நமக்கு யார் என்ன செய்தார்கள் என்று கொளஞ்சியப்பருக்கே மனு எழுத வேண்டும். சன்னிதியில் வைத்துப் பூசை செய்து, விபூதியோடு மடித்துப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். அதை முனியப்பர் சன்னிதியில் இருக்கும் வேலில் நூலால் கட்டிவிட்டு வர வேண்டும். இதற்குக் கட்டணம் உண்டு. அதோடு, நம் ஊர் அங்கிருந்து எவ்வளவு தூரமோ அந்தக் கணக்குக்கு ஒரு சிறு தொகையும் கட்ட வேண்டும். சாமி விசாரிக்க அவ்வளவு தூரம் வர வேண்டுமே! மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று தவணையும் சொல்வார்கள்.

நான் பள்ளியில் படித்தபோது என் அம்மா அங்கே ஒரு பிராது கட்டினார். சீட்டுப் பணம் எட்டாயிரம் ரூபாய். பிடித்தவர் எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு அக்கா. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அம்மா தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதினார், பேங்க் சலானில் எழுதுவதைப் போலவே. எழுதி முடித்த பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: "அவள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது." வேல் முழுக்க மற்றவர்களின் பொட்டலங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. இடம் தேடித்தான் கட்ட வேண்டியிருந்தது.

இந்த மதத்தைப் பற்றி ஒரு வரிகூட விளக்கம் கொடுக்காமல் அந்தத் தாளையும் பொட்டலங்கள் தொங்கும் அந்த வேலையும் மட்டும் காட்டினாலே, படிப்பவர் உள்ளே வந்துவிடுவார். உங்கள் நாற்பது பக்கத்தைத் தூக்கிப் போட வேண்டாம், எடுத்து வையுங்கள். முதல் அத்தியாயத்தை வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணிலிருந்து தொடங்குங்கள்.

தெய்வம் நிஜமாகவே இருந்து, தவறாமல் நீதி வழங்கினால் அப்புறம் கதை எங்கே இருக்கிறது? வில்லன் முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்வானே?
(லாஸ்பேட்டை)

சரியான கேள்வி. வகுப்பிலும் இதில்தான் அதிக நேரம் போனது.

தெய்வத்தின் கணக்கு சரியாகவே இருக்கட்டும், அளவு தவறாக இருக்கலாம். மகாபாரதத்தில் வரும் மாண்டவ்யர் கதையை நினைத்துப் பாருங்கள். திருடர்கள் களவுப் பொருளை அவர் ஆசிரமத்தில் ஒளித்துவைக்கிறார்கள். மௌன விரதத்தில் இருந்த முனிவர் வாய் திறக்கவில்லை. அரசன் கழுவில் ஏற்றிவிடுகிறான். உயிர் போகவில்லை. பிறகு அவர் நேரே தருமதேவனிடம் போய், நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்கிறார். சிறு பிள்ளையாக இருந்தபோது பூச்சிகளைப் புல்லால் குத்தினாய், அதற்குத்தான் இது என்று பதில் வருகிறது. முனிவர் கொதித்துப்போய், அறியாத வயதில் செய்த சின்னத் தவறுக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று தருமனையே சபிக்கிறார். அந்தச் சாபத்தால் தருமன் பூமியில் விதுரனாகப் பிறக்கிறான். சிறுவயதில் செய்தது பாவக் கணக்கில் சேராது என்று முனிவரே ஒரு வரம்பும் வைத்துவிடுகிறார்.

தருமன் பொய் சொல்லவில்லை, ஏட்டில் இருந்ததைத்தான் சொன்னான். ஆனாலும் தண்டனை அவனுக்கே திரும்பியது, சட்டமும் மாறியது. ஒரு நீதி மதத்துக்குள் இவ்வளவு கதை இருக்கிறது.

என் எடைக்காரிக்கு நான் வைத்த வரம்பு வேறு. தட்டில் வைத்ததை மட்டுமே அவள் எடை போடுவாள். வைக்காமல் மறைத்தது அவளுக்குத் தெரியாது. எதைத் தட்டில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று தீர்மானிப்பவர்கள் கணக்கர்கள். என் நாவலின் சண்டை முழுவதும் அந்த ஒரு விதியின் மேல்தான் நடக்கிறது.

தீயில் நடக்கவைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் காட்சி ஒன்று எழுதுகிறேன். நம் ஊர்த் தீமிதியை அப்படியே பயன்படுத்தலாமா?
(பண்ருட்டி)

வேண்டாம். திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிப்பவர் குற்றம் சாட்டப்பட்டவர் கிடையாது. வேண்டிக்கொண்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து, தானாக இறங்குகிறார். சோதனை என்பது ஊரோ அரசனோ ஒருவரைப் பிடித்துத் தள்ளுவது. இரண்டையும் கலந்தால் நம் வாசகருக்கு உடனே இடறும்.

சோதனைக்கு மாதிரி வேண்டுமென்றால் பாபிலோனுக்குப் போங்கள். அந்நாட்டு அரசன் ஹம்முராபியின் சட்டக் கல்லில் இரண்டாவது சட்டமே அதுதான். சூனியம் வைத்ததாக ஒருவன் மேல் புகார் வந்தால், அவன் ஆற்றில் இறங்க வேண்டும். மூழ்கினால் அவன் வீடு புகார் சொன்னவனுக்கு. பிழைத்தால் புகார் சொன்னவனுக்கு மரணம், அவன் வீடு பிழைத்தவனுக்கு. சூரிய தெய்வமான ஷமாஷ் முன்னால் அரசன் நிற்கும் சிற்பம் அந்தக் கல்லின் உச்சியில் இருக்கிறது. பாரிஸில் சொந்தக்காரர்கள் இருக்கும் புதுச்சேரி வாசகர்கள் அங்கே போகும்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் நேரிலேயே பார்க்கலாம். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, புகார் சொல்கிறவனும் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருப்பது.

இன்னொன்று. அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். அவர் கரையேறியது நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கரையேறவிட்டகுப்பம் என்று இன்றைக்கும் ஓர் ஊர்ப் பெயரே இருக்கிறது. சோதனையில் ஒருவர் பிழைத்து வந்தால் உங்கள் கற்பனை ஊர் அதை எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும்? அதையும் எழுதுங்கள்.

நீதி தெய்வம் ஆணா, பெண்ணா?
(நெல்லிக்குப்பம்)

முறையிட வருகிறவர் யாரிடம் கூச்சமில்லாமல் பேசுவாரோ, அதை வைத்து முடிவு செய்யுங்கள். மூலவர் வெறும் கல்லாக இருந்தாலும் ஒன்றும் குறையாது.

என் கற்பனை நாட்டில் தெய்வமே மக்களை நான்கு அடுக்காகப் பிரித்திருக்கிறது. "இது சாதிதானே, வேறு பெயர் வைத்திருக்கிறாய்" என்கிறாள் தோழி. எப்படி மாற்றுவது?
(முத்தியால்பேட்டை)

தோழி சொல்வது சரி. அதற்காக அடுக்கையே எடுத்துவிட வேண்டியதில்லை. ஒழுங்கை வைத்து நிற்கும் ஒரு மதத்தில் மேல் கீழ் இல்லாமல் போகாது. அடுக்கின் பெயர்களைப் பட்டியல் போடுவதுதான் கதையைக் கெடுக்கிறது. ஒழுங்கு மனிதர்களின் உடம்பில் படுகிற இடத்தைக் காட்ட வேண்டும். எந்த வாசல், எத்தனை அடி தள்ளி, காலில் என்ன?

உங்கள் புதுச்சேரியிலேயே, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நடந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் 1873ல் ஐரோப்பியர்கள் போடும் ஷூவோடு நீதிமன்றத்துக்குள் போனார். உள்ளூர்க்காரர் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து ஜெயித்தார். பிறகு 1881ல் ஓர் ஆணை வந்தது. விருப்பப்பட்டவர்கள் தங்கள் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படித் துறந்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்! ஒரு ஜோடி ஷூவில் தொடங்கி ஒரு பெயரில் முடியும் இந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது.

வடலூரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வள்ளலார் 1867ல் தருமசாலையைத் தொடங்கினார், 1872ல் சத்திய ஞான சபையைத் திறந்தார். சபைக்குள் நுழைய ஒரு விதி இருக்கிறது: புலால் உண்பதையும் கொலையையும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே போகலாம், மற்றவர்கள் வெளியே நின்று வணங்க வேண்டும். தருமசாலைப் பந்தியில் அந்த விதி கிடையாது. பசி என்று வந்தால் போதும், யார் என்ன என்று கேட்காமல் சோறு போடுவார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. ஒரே நெறி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல்கள். ஒன்றில் ஒழுக்கம் கேட்கிறார்கள், மற்றொன்றில் எதுவும் கேட்பதில்லை. உங்கள் மதத்துக்கும் இப்படி இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறதா என்று யோசியுங்கள். இல்லையென்றால், அது ஏன் இல்லை என்பதிலேயே உங்கள் கதை கிடைக்கலாம்.

எகிப்தியர்களின் இறகுத் தராசை எடுத்துக்கொள்ளலாமா? உங்கள் எடைக்காரியும் அங்கிருந்து வந்தவள்தானா?
(நெய்வேலி)

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எடைக்காரியின் தராசு எங்கள் தெரு மீன் வியாபாரத்திலிருந்து வந்தது. எகிப்தின் சாயல் அதில் கொஞ்சம் படிந்திருப்பதையும் மறுக்கமாட்டேன். இறந்தவரின் இதயத்தை ஒரு தட்டிலும் மாஅத் தெய்வத்தின் இறகை மறு தட்டிலும் வைப்பார்கள். 42 தெய்வங்கள் முன்னால், இன்ன பாவம் செய்யவில்லை என்று இறந்தவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இதயம் கனத்தால் அம்மித் என்ற விலங்கு விழுங்கிவிடும்.

மாஅத் என்ற சொல்லுக்கு உண்மை, நீதி, உலக ஒழுங்கு எல்லாமே பொருள். இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் நம்முடைய "முறை" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முறை செய்வது நீதி வழங்குவது. முறையிடுவது நீதி கேட்பது. என் முறை என்றால் வரிசையில் என் இடம். முறைப்பெண், முறைமாமன் என்றால் உறவு. நீதி, வரிசை, உறவு மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நீதியும் சமூக ஒழுங்கும் சேர்ந்த ஒரு மதத்தைத் தமிழில் கற்பனை செய்ய இதைவிட நல்ல விதை எனக்குக் கிடைக்கவில்லை.

பெயர்களும் சொற்களும் தூய தமிழில்தான் இருக்க வேண்டுமா?
(வில்லியனூர்)

பழைய மதம் என்ற உணர்வு வேண்டுமென்றால் எல்லாச் சொல்லும் ஒரே காலத்திலிருந்து வரக் கூடாது. பிராது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ராஜினாமாவும் அப்படித்தான். வேலையை விடுவது என்ற பொருள் பின்னால் வந்தது. பழைய கச்சேரிகளில், அதாவது அந்தக்கால நீதிமன்றங்களில், சமாதானமாகி வழக்கை முடித்துக்கொள்ளும் பத்திரத்துக்கு ராஜினாமா என்று பெயர். நவாபு காலத்துக் கச்சேரிச் சொற்கள் கோயிலுக்குள் வந்து சாமியோடு ஒட்டிக்கொண்டன. உங்கள் நாட்டையும் நாலு பேர் ஆண்டுவிட்டுப் போயிருக்கட்டும். ஆளுக்கு ஒரு சொல்லை விட்டுப் போயிருப்பார்கள்.

கடைசி அத்தியாயத்தில் தெய்வம் வில்லனைத் தண்டிக்கிறது. மின்னல், இடி, சாம்பல் எல்லாம் எழுதிப் பார்த்தேன், திருப்தி இல்லை. நீதி மதக் கதையை எப்படி முடிப்பது?
(தேவனாம்பட்டினம்)

வழக்கைத் தொடங்க ஒரு வழி வைத்திருப்பீர்கள். முடித்துக்கொள்ள வழி வைத்தீர்களா? கொளஞ்சியப்பர் கோயிலில் அது இருக்கிறது. காரியம் நடந்துவிட்டால், அல்லது இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டால், திரும்பிப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்குத்தான் அங்கே ராஜினாமா என்று பெயர். தனியாக எழுதி, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். சாமியும் அந்த வழக்கிலிருந்து விடுபட வேண்டும் அல்லவா?

முதல் பதிலில் சொன்ன சீட்டுப் பணத்தில் ஐயாயிரம்தான் திரும்பி வந்தது. மூன்று தவணையாக, அந்த அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். மீதி வராது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை விருத்தாசலம் பேருந்தில் ஏறினோம். அந்த அக்காவும் கூட வந்தார், மூன்று பேருக்கும் அவரே டிக்கெட் எடுத்தார். கோயிலில் அம்மா ராஜினாமா எழுதும்போது அவர் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அம்மா தொகையை எழுதவில்லை.

திரும்பும் வழியில் வடலூரில் இறங்கினோம். மதியப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவும் அந்த அக்காவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். எனக்கு எதிர்வரிசையில் இடம் கிடைத்தது. இரண்டாவது முறை சோறு வந்தபோது அந்த அக்கா போதும் என்று இலையைக் கையால் மறைத்தார். அம்மா அவர் கையை விலக்கிவிட்டு, "போடுங்க" என்றார்.