ஈர்க்குச்சியும் பனைமர நிழலும்: கணிதக் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். சைன் 30 பாகையின் மதிப்பு ½ என்று உடனே சொல்லிவிடுகிறாள். முக்கோணம் சிறிதானாலும் பெரிதானாலும் அதே ½ எப்படி வருகிறது என்று கேட்டால் விழிக்கிறாள். 30 பாகைக்கு ½ என்றால் 60 பாகைக்கு 1 வர வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். எப்படி விளக்குவது?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அந்தப் பாடத்தில் கேட்கத் தகுந்த மிகச் சிறந்த கேள்வியையே தங்கள் மகள் கேட்டிருக்கிறாள், தயவுசெய்து அதை அடக்கிவிடாதீர்கள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் கிடையாக ஒரு கோடு வரைந்து, அதன் இடது முனையில் குச்சியின் ஒரு முனையைப் பொருத்தி, பாகைமானியின் துணையோடு 30 பாகைக்கு உயர்த்திவைத்து, மேல்முனையிலிருந்து கோட்டுக்குச் செங்குத்து இறக்கி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 5 செ.மீ. வரும். இப்போது குச்சியை 6 செ.மீ. ஆக நறுக்கி, அதே 30 பாகையில் வைத்தால் 3 செ.மீ. வரும். இரண்டு முக்கோணங்களும் வடிவொத்தவை, அதாவது கோணங்கள் ஒன்றே, அளவு மட்டும் வேறு. கர்ணம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம், இங்கே குச்சி) எத்தனை மடங்கு குறைந்ததோ அத்தனை மடங்கே எதிர்ப்பக்கமும் (30 பாகைக்கு எதிரே உள்ள செங்குத்து) குறைந்திருக்கிறது, ஆகவே எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்துக் கிடைக்கும் எண், அதாவது சைன், மாறவில்லை. சைன் என்பது ஒரு நீளமன்று, அதற்குச் சென்டிமீட்டரும் கிடையாது. அது கோணத்துக்கு உரிய எண்.

அந்த எண் ஏன் துல்லியமாக ½ என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு சமபக்க முக்கோணத்தை உச்சியிலிருந்து நேராக இரண்டாக வெட்டினால், உச்சியிலிருந்த 60 பாகை 30 ஆகிறது, அதற்கு எதிரே அடிப்பக்கத்தின் பாதி நிற்கிறது, கர்ணமாக முழுப்பக்கம் அமைகிறது.

இனி இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். 10 செ.மீ. குச்சி ஒன்றை மறுபடி எடுத்து 60 பாகைக்கு உயர்த்தினால் செங்குத்து ஏறத்தாழ 8.7 செ.மீ. தான் இருக்கும், 90 பாகையில் குச்சியே செங்குத்தாகி 10 செ.மீ. வந்துவிடும். முதல் 30 பாகை 5 செ.மீ. உயர்த்தியது, அடுத்த 30 பாகை 3.7 செ.மீ., கடைசி 30 பாகை வெறும் 1.3 செ.மீ. குச்சியின் முனை ஒரு வட்டத்தின்மேல் நகர்கிறது. கிளம்பும்போது அது நேராக மேல்நோக்கி ஏறுகிறது, உச்சியை நெருங்க நெருங்கப் பக்கவாட்டிலேயே நகர்கிறது. கோணம் இரட்டித்தாலும் சைன் இரட்டிக்காததற்குக் காரணம் இதுதான். ஒரு மாலைப்பொழுதில் கையால் செய்து பார்த்துவிடக் கூடிய இதை, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அட்டவணையாக மட்டும் பிள்ளைகள் உருப்போடுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: எதிர்ப்பக்கம் எது, அடுத்துள்ள பக்கம் எது என்பது எனக்குக் குழம்புகிறது. மேலும் டேன் 90 பாகை ‘வரையறுக்கப்படவில்லை’ என்று ஏன் எழுதுகிறோம்?
பத்தாம் வகுப்பு மாணவர், வள்ளியூர்

பதில்: தம்பி, நீ எந்த மூலையில் நிற்கிறாய் என்பதை முதலில் முடிவு செய்துகொள். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது எப்போதும் கர்ணம். உன் மூலையைத் தொடாமல் எதிரே நிற்பது எதிர்ப்பக்கம். உன் மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்றொன்று அடுத்துள்ள பக்கம். மற்ற குறுங்கோண மூலைக்குப் போய் நின்றால் இந்த இரண்டு பெயர்களும் இடம் மாறிவிடும். கொசைன் என்பது அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது, ஆகவே சைன் 30 பாகையும் கொசைன் 60 பாகையும் சமமாவது இதனால்தான். கொசைன் என்ற பெயருக்கே நிரப்புக் கோணத்தின் (90 பாகைக்கு மீதமுள்ள கோணத்தின்) சைன் என்றுதான் பொருள். கி.பி. 499-இல் ஆரியபட்டீயத்தை இயற்றிய ஆரியபட்டர் இந்த அளவை ‘ஜ்யா’ என்னும் சொல்லால் குறித்தார். அச்சொல்லுக்கு வில்லின் நாண் என்று பொருள். வட்டத்தில் நாம் நாண் என்று அழைப்பதும் அதே உவமைதான்.

டேன் 90-ஐ உங்கள் ஊர்ப் பனைமரமே விளக்கும். டேன் என்பது எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தது, ஆகவே மரத்தின் உயரத்தை நிழலின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது சூரியனின் ஏற்றக்கோணத்துக்குரிய (தரையிலிருந்து சூரியன் எழும்பியிருக்கும் கோணத்துக்குரிய) டேன். 20 மீட்டர் உயரமுள்ள பனைக்கு, சூரியன் 45 பாகையில் இருக்கும்போது நிழலும் 20 மீட்டர். 60 பாகையில் ஏறத்தாழ 11.5 மீட்டர், 80 பாகையில் 3.5 மீட்டர், 89 பாகையில் வெறும் 35 செ.மீ. நிழல் சுருங்கச் சுருங்க டேன் பெருகி, 89 பாகையில் 57-ஐத் தாண்டிவிடுகிறது. நெல்லைச் சீமை வடக்கு அட்சரேகை 8.7 பாகையை ஒட்டி அமைந்திருப்பதால், ஏப்ரல் 12-ஆம் தேதியை ஒட்டியும் ஆகஸ்ட் மாதக் கடைசியிலும் உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். கடிகாரத்தில் அது ஏறத்தாழ 12.20 மணி. அந்த நேரத்தில் நேராக நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. 20-ஐச் சுழியத்தால் வகுக்க வழியில்லை. டேன் 90 பாகைக்கு மதிப்பு இல்லை என்பதன் பொருள் அவ்வளவுதான். சித்திரை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு மொட்டைமாடியில் தூக்குக்குண்டு பிடித்து ஒரு கம்பை நட்டுவைத்து, நீயே பார்.

கேள்வி: எங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டியபோது, கொத்தனார் ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்துவிட்டு, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்தார். இதுவும் முக்கோணவியல்தானா?
வாசகர், தென்காசி

பதில்: மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று சோதிப்பது பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை (3, 4 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 5-இன் வர்க்கம் வருவதால் மூலை செங்கோணம்), முக்கோணவியல் அதற்கு அடுத்த படி. 3 அடிப் பக்கத்துக்கு எதிரே உள்ள கோணத்தின் சைன் 3/5, கொசைன் 4/5. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9/25-உம் 16/25-உம் சேர்ந்து 1 ஆகும். எந்தக் கோணத்துக்கும் சைனின் வர்க்கமும் கொசைனின் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்று, பிள்ளைகள் அஞ்சி நடுங்கும் முதல் முற்றொருமை (எப்போதும் உண்மையாகும் சமன்பாடு) இதுவே. அகலமான மனைக்குக் கொத்தனார் 6, 8, 10 அடி என்று பெரிதாகக் குறித்திருந்தாலும் சைன் அதே 0.6 ஆகவே இருந்திருக்கும், கோணமும் அதே 37 பாகைதான். அளவு பெரிதாக இருப்பதால் கயிற்றின் தொய்வாலும் கைத்தவறாலும் வரும் பிழை மட்டும் குறையும்.